நொடிக்கு அறுபது தடவை

கத்தி இறங்கிய நேரத்தில் நான் திரையில் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மச்சானின் இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முந்நூறு தாள்களோடு சேர்ந்து, நோட்டுப் புத்தக அளவுக்கு, ஓரம் பிசிறாமல் வெட்டுப்பட்டன. வெட்டில் குறை சொல்ல முடியாது. அந்தக் கத்தியை முந்தின நாள் தீட்டி மாட்டியவன் நான்தான்.

எங்கள் தொழிற்சாலையில் நோட்டுப் புத்தகம் செய்கிறோம். நானும் என் மனைவியின் தம்பியும் கத்தி மிஷினில் நிற்கிறோம். தாள் கத்தையை மேடையில் அடுக்கினால் முதலில் அழுத்துகட்டை மெதுவாக இறங்கிக் கத்தையைப் பிடித்துக்கொள்ளும், அடுத்து கத்தி வரும். முன்பெல்லாம் கத்தி இறங்க வேண்டுமென்றால் இரண்டு இரும்புப் பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் இருக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும். பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் குமிழும் இருந்தது. ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும்.

சென்ற வருடம் இவற்றை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு திரையை மாட்டினார்கள். இனி எல்லாம் திரைதான், வெட்டுகளின் வரிசையைச் சொல்லிவிட்டால் கத்தி தானாக வெட்டிக்கொண்டே போகும், நிறுத்த வேண்டுமென்றால் திரையில் 'நிறுத்து' என்று ஒரு பட்டன் இருக்கிறது என்றார்கள். கழற்றிய குமிழை எங்கள் எலெக்ட்ரீஷியன் தூக்கி எறிய மனசில்லாமல் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். "இதுல ஒரே ஒரு நல்ல விஷயம். திரை செத்தா மிஷினும் செத்துடும்," என்று திரையைத் தட்டிக் காட்டினார். மெயின் சுவிட்ச் பூட்டின அறையில் இருக்கிறது. சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் இருக்கிறது. சூப்பர்வைசர் எங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

புதன்கிழமை திரையில் புதிதாக ஒரு பேனர் வந்து உட்கார்ந்தது. தலைக்கவசம் போட்ட ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். கீழே 'பாதுகாப்பே முதல்' என்று எழுத்து. தொட்டால் ஒரு பெண் குரல், "நன்றி, பாதுகாப்பாக இருங்கள்" என்று சொல்லும். நல்ல விஷயம்தானே என்று விட்டுவிட்டோம். அந்த மனிதர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நாலாவது வெட்டில் கத்தை லேசாகச் சாய்ந்தது. மச்சான் உள்ளே கைவிட்டுத் தட்டிச் சரிசெய்தான். தாளுக்கும் பின் தடுப்புக்கும் நடுவில் அவன் கையுறை மாட்டிக்கொண்டது.

"மாமா, நிறுத்துங்க," என்றான் சாதாரணமாக.

நான் பட்டன் இருந்த இடத்தில் கை வைத்தேன். "நன்றி, பாதுகாப்பாக இருங்கள்," என்றது. கொஞ்சம் தள்ளி வைத்தேன். "நன்றி" என்றது. அழுத்துகட்டை இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் அந்தச் சிரித்த மூஞ்சியைக் குத்தினேன். அது எனக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் கத்தி இறங்கி ஏறிவிட்டது. எலெக்ட்ரீஷியன் சொன்னது அப்போது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. பழக்கிய மாடு மாதிரி பட்டனைத்தான் தேடினேன். மச்சான் அலறவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு குனிந்து தாள்களுக்கு நடுவில் விரல்களைத் தேட ஆரம்பித்தான். அவன் தேடிய விதத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

கம்பெனி டாக்டர் தையல் போட்டு மூன்று நாள் ஓய்வு எழுதினார். விரலுக்கு ஒன்றரை நாள் என்று ஏதோ விதி இருக்கிறதாம். சூப்பர்வைசர் விபத்து அறிக்கை எழுதினார். 'நிறுத்து பட்டன் திரையில் இருந்தது. இயக்குபவர் அதைச் சரியாக அழுத்தவில்லை.' இயக்குபவர் என்றால் நான்.

"பட்டன் இல்ல சார். அந்தப் பேனரு மறைச்சுக்கிட்டு இருக்கு. வந்து பாருங்க," என்றேன்.

"இல்லன்னு நீ சொல்ற. இருக்குன்னு பேப்பர் சொல்லுது. பேப்பருக்கு என் மேல என்னப்பா பகை? அது ஏன் பொய் சொல்லணும்? திரை மையத்துக்குப் போ. அவங்க இல்லன்னு எழுதிக் குடுத்தா நானும் இல்லன்னு எழுதுறேன். திங்கக்கிழமை காலை ஷிப்டுக்கு மிஷின் ஓடணும். உன் மச்சானும் வந்துடணும்."

வீட்டில் என் மனைவி தன் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை.

"இவன் கையில இன்னும் எட்டு இருக்கு. திங்கக்கிழமை எட்டோட போறான், எட்டோட வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க வீட்டுக்கு வராதீங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை திரை வரைவு மையத்துக்குப் போனேன். ஊரில் எந்தத் திரையில் எது தெரிய வேண்டுமானாலும் இந்த மையம்தான் வரைய வேண்டும். டிக்கெட் மிஷின், லிஃப்ட், ஆஸ்பத்திரியில் நாடி துடிக்கும் கோடு எல்லாம் இவர்கள் கைவேலை. பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடம். கீழே பெரிய கூடம். தரை முழுக்க மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனுதாரர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்க்காமலேயே கேட்டாள். "பொருள் என்ன?"

"ஒரு பட்டனும்மா. நிறுத்து பட்டன். காணோம்."

"அது திரையில எந்தப் பெட்டிக்குள்ள இருக்கு? அந்தப் பெட்டி எந்தப் பெட்டிக்குள்ள இருக்கு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தாய்ப்பெட்டி தெரியாத பட்டனை நாங்க எப்படிக் கூப்பிடுறது? அநாதையா?" என்று சொல்லிவிட்டு அவளே தேடி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "பதினேழாம் கட்டத்துல நின்னு கையைத் தூக்குங்க. மணி அடிச்சா கூப்பிடுவாங்க. நீங்களா முன்னாடி வரக்கூடாது. இங்க யாரும் தானா எதையும் செய்யறதில்ல. நான் பழசாயிட்டேன், என்னைத் திரும்ப வரையுங்கன்னு கை தூக்கணும், காத்திருக்கணும். திரையில இருக்கிற பொருளுக்கும் அதே சட்டம்தான், உங்களுக்கும் அதேதான்."

"கையைத் தூக்கிட்டே எவ்வளவு நேரம்மா நிக்கிறது?"

"சட்டை கோட்டுக்கு வெளியில போகாம பாத்துக்குங்க," என்றாள்.

அது ஏன் என்று உடனே தெரிந்துவிட்டது. கட்டங்களுக்கு நடுவில் ஓர் ஆள் நீளமான கத்தரிக்கோலோடு நடந்துகொண்டிருந்தார். ஓரம் வெட்டுபவர் என்று பதவிப் பெயர். பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் வரைய மாட்டார்கள், வெட்டிவிடுவார்கள். திரைக்காக ஏற்பட்ட இந்த விதி, பணியாளர்களின் ஒழுக்கத்துக்காகக் கூடத்துக்கும் வந்து, பிறகு மனுதாரர்களுக்கும் வந்திருக்கிறது. பதினாறாம் கட்டத்து அம்மாள் தும்மினாள். பின்னல் ஆடிக் கோட்டைத் தாண்டியது. கரக் என்று ஒரு சத்தம். அந்த ஆள் முடியைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, ரசீது எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கு முன்னால் நின்ற பெரியவரின் மூக்கில் பெரிய பிளாஸ்திரி இருந்தது. நான் என் மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என் சட்டையின் இடது கையைக் கத்தரித்தபோது தோளிலிருந்து கொஞ்சம் தோலும் போனது. அதற்குத் தனி ரசீது.

மூன்று மணி நேரம் கழித்து மணி அடித்தது. அளவுப் பிரிவு மேடம் முன்னால் போய் நின்றேன். மேசை மேல் இரும்பு ஸ்கேல் ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டே என் சீட்டைப் படித்தார்.

"உங்க பட்டனைக் கேட்டோம். உனக்கு எவ்வளவு இடம் வேணும்னு. உள்ளங்கை அகலம் வேணும்னு சொல்லுச்சு. எழுதிக்கிட்டோம். இதுல எங்க தப்பு?"

"தப்பு இல்லைங்க. ஆனா தெரியல."

"எவ்வளவு வேணும்னு கேக்கறதுதான் எங்க வேலை. குடுக்கறது எதிர் சீட்டு."

எதிர் சீட்டில் இடப் பிரிவுக்காரர். வழுக்கைத் தலையில் ஒரு பழைய தையல். "கேட்டதைக் குடுத்துட்டோம் தம்பி. வலது பக்கம் கீழ் மூலை. உள்ளங்கை அகலம், முழுசா குடுத்திருக்கோம். எத்தனையோ பட்டன் கேட்டதுல பாதிகூடக் கிடைக்காம நசுங்கிக் கிடக்கு. உங்களுது குடுத்து வச்ச பட்டன்."

"அப்ப ஏன் சார் தெரியல?"

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் கூடத்தின் மறு கோடியில் யாரோ "செல்லாது" என்று கத்தினார்கள். எங்கேயோ ஒரு திரையில் ஒரு கடிகாரத்தின் முள் நகர்ந்துவிட்டதாம், ஒன்று நகர்ந்தால் எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டுமாம். மணி அடித்தது. எல்லோரும் எழுந்து எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மேடம் என்னைப் பார்த்து, முன்பின் பார்த்திராதவர் மாதிரி, "பொருள் என்ன?" என்றார். மாலைக்குள் இப்படி நாலு தடவை நடந்தது. மூன்றாவது தடவை நான் அவர் மேசையை ஓங்கிக் குத்தினேன். அவர் ஸ்கேலால் என் விரல் முட்டியில் ஒன்று வைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. விரல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று இருந்தது.

சனிக்கிழமை காலை இயக்குநரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மென்மையான மனிதர். சென்ட் வாசனை. வலது கையில் மோதிரம். மச்சானுக்கு நேர்ந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாங்க ஒரு நொடிக்கு அறுபது தடவை உங்க பட்டனை வரையறோம். உங்க மச்சான் 'நிறுத்துங்க'ன்னு சொன்னதுல இருந்து கத்தி இறங்கற வரைக்கும் நாலு நொடி ஆச்சுன்னு வச்சுக்குவோம். அந்த நாலு நொடியில இருநூத்து நாப்பது தடவை வரைஞ்சிருக்கோம். ஒரு தடவைகூடத் தவறல. அவர் துடிச்சப்பவும் வரைஞ்சோம். அவர் விரலைத் தேடினப்பவும் வரைஞ்சுக்கிட்டேதான் இருந்தோம். உங்க சொந்தக்காரங்க யாராவது உங்களுக்காக இப்படி உழைச்சிருக்காங்களா?"

"வரைஞ்சா தெரியணுமே சார்."

"வரைஞ்சோம். அப்புறம் அதுமேல பேனரையும் வரைஞ்சோம். அதையும் இருநூத்து நாப்பது தடவை. நாங்க பாரபட்சம் பாக்கறதில்ல. முதல்ல வரையறது அடியில போகும், கடைசியா வரையறது மேல நிக்கும். இது நான் போட்ட விதி இல்ல. பெயின்ட் அடிக்கறவனைக் கேளுங்க, அவனும் இதைத்தான் சொல்லுவான்."

"அப்ப பேனரை முதல்ல வரைஞ்சுட்டு, பட்டனைக் கடைசியா வரையுங்க சார். அவ்வளவுதானே."

இயக்குநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாதுகாப்பை அடியில போடச் சொல்றீங்க. ஒரு தொழிலாளி வாயில இருந்து இந்த வார்த்தை வரும்னு நான் எதிர்பாக்கல. சரி. இன்னிக்கு மத்தியானம் அடுக்குக் கூட்டம் இருக்கு. அதுல வந்து கேளுங்க. ஜனநாயக முறை."

அடுக்கு அறையில் மேசை நாற்காலி இல்லை. சுவர்கள் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக இருந்தன. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. எங்கள் மிஷின் திரையில் தங்கள் பொருள் மேலே தெரிய வேண்டும் என்று நாலு பேர் வந்திருந்தார்கள். கம்பெனி முத்திரைக்காரர், கடிகாரக்காரர், வானிலைக்காரர், பேனர்காரர். பேனர்காரர் இயக்குநரின் சொந்த மச்சான். நோட்டுப் புத்தகம் வெட்டுகிறவனுக்கு வெளியே மழையா வெயிலா என்று ஏன் தெரிய வேண்டும் என்று கேட்டேன். "குடை கொண்டு வரலன்னா?" என்றார் வானிலைக்காரர்.

இயக்குநர் கதவருகே நின்று விதியைப் படித்தார். "கடைசியா வரையறதுதான் மேல நிக்கும். அதனால இந்த அறையை விட்டுக் கடைசியா வெளிய போறவரோட பொருள் கடைசியா வரையப்படும். ஆயுதம் கூடாது. ஆபீஸ் சாமான் ஆயுதம் ஆகாது." வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முத்திரைக்காரர் என்னிடம் கை கொடுத்தார். நானும் நல்ல மனிதர் என்று கொடுத்தேன். இழுத்து, தலையால் என் வாயில் முட்டினார். முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. அதைத் துப்பிவிட்டு நிமிர்வதற்குள் கடிகாரக்காரர் காகிதம் குத்தும் மிஷினால் வானிலைக்காரரின் காதைப் பிடித்துவிட்டார். வானிலைக்காரர் அலறியபடி அவர் கழுத்தைக் கடித்தார். காதில் இரண்டு வட்ட ஓட்டைகள், சரியான இடைவெளியில். முத்திரைக்காரர் இருவரையும் சேர்த்துக் கதவோடு மோதினார். கதவு திறந்தது. இரண்டு பேரும் வெளியே விழுந்தார்கள். வெளியே இருந்த குமாஸ்தா குறித்துக்கொண்டார். "வானிலை, அதுக்கு மேல கடிகாரம்."

எனக்கு அடிதடி பழக்கமில்லை. ஆனால் தினமும் இருநூறு கத்தை தூக்கி இறக்குகிறவன். கத்தையை எப்படித் தூக்குவேனோ அப்படி முத்திரைக்காரரை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினேன். ஓரம் சேர வேண்டும் என்பதற்காக மேடையில் கத்தையை நாலு தட்டுத் தட்டுவோம். அதே மாதிரி சுவரில் நாலு தட்டினேன். வெளியே வைத்தேன். மிச்சம் பேனர்காரர். அவரும் பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவர் ஒரு இரும்புக் கோப்புப் பெட்டியால் என் விலாவில் இரண்டு முறை இடித்ததும் எலும்பு ஒன்று சொடுக்கியதும் தெரிந்தது, வலிக்கவில்லை. அவர் கட்டைவிரலைப் பிடித்தேன். பேனரில் காட்டுகிற அதே கட்டைவிரல். அது வளைகிற திசைக்கு எதிர்த் திசையில் வளைத்துக்கொண்டே கதவு வரை கூட்டிப் போனேன்.

அறையில் தனியாக நின்றேன். வாயிலிருந்து சட்டையில் ரத்தம் வழிந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குமாஸ்தா எட்டிப் பார்த்து, "பட்டன் மேல," என்று எழுதினார்.

போகும்போது அளவுப் பிரிவு மேடத்தை மாடிப்படியில் பார்த்தேன். என் வாயைப் பார்த்துவிட்டு ஒரு பஞ்சுத் துண்டு கொடுத்தார். நல்லவர்தான். "திங்கக்கிழமை தெரியும். பெரிசா, சிவப்பா," என்றார்.

"ரொம்ப நன்றிம்மா. அழுத்தினா நின்னுடுமில்ல?"

"அது எங்களுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியற வரைக்கும்தான் நாங்க. விரல் பட்டா அது யாருக்குப் போகும்ங்கறது தொடு மையம். தனிக் கட்டடம்."

"அது எங்கம்மா இருக்கு?"

"இன்னும் கட்டல," என்றார்.

அந்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பட்டன் வருகிறது என்று மனைவியிடம் சொன்னேன். தொடு மையத்தைப் பற்றிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை சீக்கிரமே போய் அழுத்திப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

போனால், திரையின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. திரை மையத்து இயக்குநர் நேரில் வந்து பட்டனைத் திறந்து வைக்கிறாராம். ரிப்பனுக்கு அடியில் சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு, 'நிறுத்து' என்று பளபளத்தது. பேனர் மனிதரின் முகம் அதற்கு அடியில் போய், ஒரு கண்ணும் காதும் மட்டும் எட்டிப் பார்த்தன. நான் கையை நீட்டினேன். சூப்பர்வைசர் தட்டிவிட்டார்.

"திறக்கறதுக்கு முன்னாடி யாரும் தொடக்கூடாது."

"சார், ஒரே ஒரு தடவை. நிக்குதான்னு பாத்துக்கறேன்."

"ரெண்டு நாளா தெரியல தெரியலன்னு உயிரை எடுத்த. இப்ப தெரியுது. இன்னும் என்னய்யா உனக்கு?"

பத்து மணிக்கு இயக்குநர் வந்தார். புகைப்படக்காரர், மாலை, எல்லாம் வந்தது. தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தினார்கள். நான் கத்தி மாற்றும்போது போல்ட்டைக் கழற்றுகிற நீள ஸ்பேனரை எடுத்து மிஷின் ஓரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

"மூணே நாள்ல ஒரு தொழிலாளியின் கோரிக்கையை நிறைவேத்தியிருக்கோம். இந்த மையத்துக்கு இரும்பு மனசுன்னு சொல்றாங்க. நாங்க ரத்தமும் சதையும்தான். அந்தத் தம்பி எங்க?" என்றார் இயக்குநர்.

மச்சானை முன்னால் தள்ளினார்கள். இடது கையில் கட்டு.

"தம்பி, கையை உள்ள வைங்க. மிஷின் ஓடட்டும். நானே பட்டனை அழுத்தி நிறுத்தறேன். போட்டோவுல நம்பிக்கை தெரியணும்." மச்சான் கட்டுப் போட்ட கையை நீட்டினான். "அந்தக் கை வேணாம். பாக்க நல்லா இருக்காது. முழுக் கையை வைங்க."

மச்சான் என்னைப் பார்த்தான். "மாமா, வைக்கவா?"

"வேணாம்டா," என்றேன். "சார், அதைச் சோதிச்சுப் பாக்கல சார். தொட்டா யாருக்குப் போகும்னு மேடத்துக்கே தெரியல."

கூட்டத்தில் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். "நம்பிக்கையில்லாத மனுஷன். சரி, இப்ப பாருங்க," என்று மச்சானின் வலது கையைப் பிடித்துக் கத்தையின் மேல் வைத்து, அதன் மேல் தன் வலது கையை வைத்து அமுக்கிக்கொண்டார். மோதிரம் பளபளத்தது. இடது கையை ரிப்பனை நோக்கி நீட்டினார். மச்சான் கையை இழுத்துப் பார்த்தான். மேலே இயக்குநர் இருக்கும்போது எப்படி இழுப்பது. சூப்பர்வைசர் மிஷினை ஓட்டினார்.

அழுத்துகட்டை இறங்கி இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இயக்குநர் ரிப்பனை விலக்கிச் சிவப்புப் பட்டனை அழுத்தினார்.

"நன்றி, பாதுகாப்பாக இருங்கள்," என்றது.

புகைப்படக்காரர் படம் எடுத்தார். இயக்குநர் புன்னகையோடு மறுபடி அழுத்தினார். மறுபடி நன்றி. மூன்றாவது தடவை அழுத்தும்போது புன்னகை இல்லை. "இது தெரியுதே," என்று என்னிடம் சொன்னார். "நல்லா தெரியுதே." அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தில் வார்த்தை இல்லை.

இந்தத் தடவை நான் எதையும் தேடவில்லை. ஸ்பேனரைத் தூக்கி, பட்டன், பேனர், கடிகாரம், மழை வருமா என்பது எல்லாவற்றோடும் சேர்த்து அந்தத் திரையைப் பிளந்தேன். ஒரே அடி. கண்ணாடி என் முகத்தில் தெறித்தது. நன்றி சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் செத்தது. கத்தியும் பாதியில் நின்றது.

பாதியில் என்றால், மேலே இருந்த கையைத் தாண்டி, அடியில் இருந்த கையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மச்சானுக்கு நடுவிரலில் ஒரு கீறல். இயக்குநரின் இரண்டு விரல்கள் மோதிரத்தோடு கத்தையின் மேல் கிடந்தன. மாலையிலும் சூப்பர்வைசரின் வெள்ளைச் சட்டையிலும் ரத்தம் பீய்ச்சியிருந்தது. எலெக்ட்ரீஷியன்தான் முதலில் அசைந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்து இயக்குநரின் மணிக்கட்டைத் தன் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார்.

சூப்பர்வைசர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். பேனா நகரவில்லை. "என்னய்யா எழுதறது?" என்று என்னிடமே கேட்டார். போன வாரத்து அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்து ஒரு சொல்லை மட்டும் மாற்றி அப்படியே எழுதினார். 'நிறுத்து பட்டன் திரையில் இருந்தது. இயக்குநர் அதைச் சரியாக அழுத்தவில்லை.' கம்பெனி டாக்டர் மூன்று நாள் எழுதினார். அதை யாரோ வாங்கிக் கிழித்துவிட்டு மூன்று மாதம் என்று எழுதினார்கள்.

வீட்டில் மனைவி தம்பியின் கைகளை விரித்து வைத்து எண்ணினாள். எட்டு. மறுபடியும் எண்ணினாள். பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லி, பல் போன இடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பழைய குமிழையே மாட்ட வேண்டும், மைய இயக்குநர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்து அனுப்பிய உத்தரவு என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார். எலெக்ட்ரீஷியன் டிராயரைத் திறந்து பழைய சிவப்புக் குமிழை எடுத்து, தூசியைத் துடைத்து, உடைந்த திரைக்குப் போன ஒயர்களை அதில் சேர்த்து மிஷினில் பொருத்தினார். இரண்டு ஸ்க்ரூ, மூன்று ஒயர். பத்து நிமிஷம் ஆனது.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

மிஷினை ஓட்டினோம். மச்சான் கட்டுப் போட்ட இடது கையை ஓங்கி அந்தக் குமிழின் மேல் அடித்தான். மிஷின் நின்றது. கட்டில் ரத்தம் கசிந்தது. வலிக்குதாடா என்றேன். "மறுபடி ஓட்டுங்க மாமா," என்றான். ஓட்டினேன், அடித்தான், நின்றது. மதியம் வரை ஒரு நோட்டுக்கூட வெட்டவில்லை. அவன் அடித்துக்கொண்டே இருந்தான், நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.